ஏறும்போது ‘டக்’, இறங்கும்போது உதறல்: கையால் கட்டிய ஸ்டீல் சைக்கிளில் கோளாறு தேடும் வழி

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் என் போன் அடித்தால் பாதி நேரம் விஷயம் ஒன்றுதான். “அண்ணா, அடிவாரத்துல இருந்து ஏறும்போது டக் டக்னு ஒரு சத்தம் வருதுங்க, பிரேம் விட்டிருக்குமோ?” கை நீளம், கால் நீளம், தோள் அகலம் எல்லாம் அளந்து கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்து, பைக் வாங்கும் காசைப் போட்டு வாங்கிய சைக்கிள். அதனால் சின்னச் சத்தம் கேட்டாலும் பயம் நேராகப் பிரேமின் மேல்தான் போய் விழுகிறது. ஆறு வருடமாக நான் ஒன்று ஓட்டுகிறேன், நண்பர்களுடையது நாலைந்தை வீட்டு வாசலில் வைத்துப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன், இதுவரை துரத்திய சத்தங்களில் உண்மையிலேயே பிரேமில் இருந்து வந்தது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் கிரீஸ் இல்லாமை, லூசான போல்ட், மண்.

ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னதையே திரும்பச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் அறிகுறி வாரியாக எழுதிவைக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவாகாத காரணம் முதலில், பர்ஸைக் காலி செய்வது கடைசியில்.

கையில் இருக்க வேண்டியவை: 4, 5, 6, 8 மி.மீ. எல் கீ, ஒரு டப்பா கிரீஸ், பழைய பனியன் துணி, 12 அங்குல ஸ்டீல் ஸ்கேல், மூன்று மீட்டர் நூல். கடைசியாகச் சொன்ன நூல் எதற்கு என்பது பின்னால் வரும்.

ஒரே ஒரு நிபந்தனை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றிவிட்டு அதே ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். எனக்கு அது ஏற்காடு அடிவாரம் சோதனைச் சாவடியிலிருந்து முதல் கொண்டை ஊசி வளைவு வரை. ஆறரை மணிக்குள் போய்விட்டால் பஸ் சத்தம் அதிகம் இருக்காது, சைக்கிள் என்ன சொல்கிறது என்று காதில் விழும். நாலு போல்ட்டை ஒரே நாளில் இறுக்கிவிட்டு “சரியாயிடுச்சு” என்றால் எது சரியானது என்று உங்களுக்கும் தெரியாது, அடுத்த மாதம் அது திரும்ப வரும்போது எனக்கும் தெரியாது.

மிதித்தால் மட்டும் சத்தம்

முதலில் உங்கள் காதை நம்பாதீர்கள். மெல்லிய ஸ்டீல் குழாய் சத்தத்தை நன்றாகக் கடத்தும். சீட்டுக்கு அடியில் வரும் சத்தம் பெடலுக்கு நடுவில் வருவது போலவே கேட்கும். எனக்கு முதல் வருடம் இப்படித்தான் ஆனது, பாட்டம் பிராக்கெட் (இரண்டு பெடலுக்கும் நடுவில் பிரேமுக்குள் சுழலும் அச்சும் பேரிங்கும்) போய்விட்டது என்று முடிவு செய்து புதிது வாங்கிப் போட்டேன். சத்தம் அப்படியே இருந்தது. கடைசியில் அது சீட் கம்பியைப் பிடிக்கும் கிளாம்ப். ஒரு சொட்டுக் கிரீஸில் முடிந்திருக்க வேண்டியது.

எனவே எங்கே கேட்கிறது என்பதை விடுங்கள், எப்போது வருகிறது என்று பாருங்கள்.

*உட்கார்ந்து மிதித்தால் வருகிறது, எழுந்து நின்றால் இல்லை*

சீட் அல்லது சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கிப் பிரேமுக்குள் இறங்கும் குழாய்). உயரம் மாறாமல் இருக்க இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி அடையாளம் வைத்துவிட்டுப் போஸ்ட்டை உருவுங்கள். துணியால் உள்ளேயும் வெளியேயும் துடையுங்கள், புதிதாகக் கிரீஸ் தடவிப் போடுங்கள். போஸ்ட் கார்பன் என்றால் கிரீஸ் வேண்டாம், அதற்கென்று விற்கும் பேஸ்ட் இருக்கிறது. அப்படியும் வந்தால் சீட் கம்பியின் கிளாம்பைக் கழற்றித் துடைத்துப் பூட்டுங்கள். பத்தில் ஆறு பேருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடும்.

*எழுந்து நின்று மிதித்தால்தான் வருகிறது*

சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் லீவரான குயிக் ரிலீஸைப் பாருங்கள். நின்று மிதிக்கும்போது சைக்கிள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்கிறது, பின் சக்கரம் டிராப்அவுட்டில் (சக்கர அச்சு உட்காரும் பிரேமின் பிளவு) துளி அசைந்தாலும் ‘டிக்’ என்று வரும். கையால் கட்டிய பிரேம்களில் டிராப்அவுட்டுக்கு மேலும் பெயிண்ட் அடித்திருப்பார்கள், ஓட்ட ஓட்ட அந்தப் பெயிண்ட் நொறுங்கிப் பொடியாகி நடுவில் மாட்டிக்கொள்ளும். சக்கரத்தைக் கழற்றி இரண்டு முகத்தையும் சுத்தமாகத் துடைத்து, லேசாகக் கிரீஸ் தடவி, சக்கரம் முழுதாக உள்ளே உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து இறுக்குங்கள். லீவரை மூடும்போது உள்ளங்கையில் அதன் தடம் பதிய வேண்டும், அவ்வளவு இறுக்கம்.

அது இல்லையென்றால் ஹேண்டில்பார். முன் சக்கரத்தைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு பாரை இடமும் வலமும் அழுத்துங்கள். சத்தம் வந்தால் ஸ்டெம்மின் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் துண்டு) முகப்புப் போல்ட்களைக் கழற்றி, துடைத்து, நாலையும் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஸ்டெம்மிலேயே எத்தனை நியூட்டன் மீட்டர் என்று பொறித்திருக்கும், பெரும்பாலும் 5. அதற்கு மேல் போக வேண்டாம்.

*ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ‘டக்’*

எந்தக் கால் கீழே போகும்போது என்று கவனியுங்கள். ஒற்றைக் காலால் மிதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு கால் மட்டும் என்றால் அந்தப் பக்கப் பெடல், இல்லை ஷூவின் அடியில் பெடலில் மாட்டும் கிளீட். வேறு சைக்கிளின் பெடலை மாட்டி ஓட்டிப் பார்ப்பதுதான் மலிவான சோதனை. இடது பெடலுக்கு மரை தலைகீழ் என்பதை மறந்துவிடாதீர்கள், கிராங்கின் (பெடலைத் தாங்கும் கை) மரை போனால் கிராங்கே போச்சு. கழற்றியதும் மரையில் கிரீஸ் வைத்துப் பூட்டுங்கள்.

அடுத்து செயின்ரிங் (முன்பக்கப் பல் சக்கரம்) போல்ட்கள். ஐந்தில் ஒன்று லூசாக இருந்தாலும் ஏற்றத்தில் கத்தும். அப்புறம் கிராங்க் போல்ட். இவ்வளவும் பார்த்த பிறகுதான் பாட்டம் பிராக்கெட்.

இதில்தான் நம்மூரில் அதிகம் கெடுக்கிறார்கள். கையால் கட்டிய ஸ்டீல் பிரேம்களில் பெரும்பாலும் 68 மி.மீ. அகல, இங்கிலீஷ் மரை போட்ட ஷெல்தான் (பாட்டம் பிராக்கெட் உட்காரும் குழாய்) இருக்கும். அதற்கு இன்னொரு பெயர் பிஎஸ்ஏ மரை, பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்ற துப்பாக்கிக் கம்பெனியின் பெயர் (பள்ளிக்கூடம் போகும்போது ஓட்டிய பிஎஸ்ஏ எஸ்எல்ஆருக்கும் அதே பெயர்தான்). இந்த மரையில் செயின் இருக்கும் வலது பக்கக் கப் (ஷெல்லில் திருகி உட்காரும் பகுதி) தலைகீழ். இறுக்க இடப்புறம் திருப்ப வேண்டும், கழற்ற வலப்புறம். நண்பன் ஒருவன் அவசரத்துக்கு ஒரு பட்டறையில் கொடுத்தான், அங்கே நீளமான பைப்பை ஸ்பேனரில் சொருகி, இரண்டு பேர் தொங்கி, வழக்கமான திசையில் திருப்பியிருக்கிறார்கள். கப் கழறவில்லை, இன்னும் இறுகி உட்கார்ந்துவிட்டது. அதை வெளியே எடுக்கச் செலவான காசுக்கு இரண்டு பாட்டம் பிராக்கெட் வாங்கியிருக்கலாம். இத்தாலிய மரை போட்ட பிரேமும் உண்டு, அதன் ஷெல் 70 மி.மீ., இரண்டு பக்கமும் வழக்கமான மரை. அதனால் கையை வைக்கும் முன் ஸ்கேலை வைத்து அகலத்தை அளந்துவிடுங்கள், அல்லது கட்டியவர் கொடுத்த வரைபடத்தில் பாருங்கள்.

கப் சுலபமாகக் கழன்றால் மரையை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, தாராளமாகக் கிரீஸ் வைத்துப் பூட்டலாம். புது பிரேமில் முதல் மாதமே இங்கே சத்தம் வந்தால் மரைக்குள் பெயிண்ட் போயிருக்கும், அல்லது ஷெல்லின் இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று நேராகச் சீவப்பட்டிருக்காது. இது மெக்கானிக்கிடம் போக வேண்டிய கட்டம். மரை ஓட்டவும் முகம் சீவவும் அதற்கான கட்டர் உள்ள ரோடு சைக்கிள் கடை வேண்டும். லேத் பட்டறையில் கொடுத்து “கொஞ்சம் சீவிக் குடுங்க” என்று கேட்காதீர்கள். அவர்கள் வேலை தெரிந்தவர்கள்தான், ஆனால் இந்தப் பிரேமை நேராகப் பிடிக்க அவர்களிடம் ஜிக் கிடையாது.

*பெடல் சுற்றோடு சேராமல், சக்கரத்தின் சுற்றோடு வருகிறது*

ஸ்போக்ஸ். இரண்டிரண்டு கம்பியாகச் சேர்த்துக் கையால் அழுத்திக்கொண்டே சக்கரத்தைச் சுற்றி வாருங்கள். ஒன்று மட்டும் தொளதொள என்று இருந்தால் அதுதான். எல்லாம் ஒரே இறுக்கம், ஆனாலும் கிரீச் என்றால் கம்பிகள் குறுக்கிடும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் போதும். கோட்டம் எடுப்பதை ஸ்டாண்ட் வைத்திருப்பவரிடம் விடுங்கள்.

இத்தனைக்கும் அடங்காத சத்தம் ஒன்று எனக்கு வந்தது. மூன்று வாரம் தேடினேன். பாட்டில் கூடையின் அடிப் போல்ட்.

கியர் தானாகத் தாவுகிறது, அல்லது மாற மாட்டேன் என்கிறது

மாறுவதற்குச் சோம்பல் பட்டால் கேபிள். ரியர் டிரெய்லியரில் (செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பின்பக்கக் கருவி) கேபிள் நுழையும் இடத்து உருளைத் திருகைக் கால் சுற்று வெளியே திருப்பி ஓட்டிப் பாருங்கள், பெரிய பல்லுக்கு ஏறத் தயங்குவது இதிலேயே சரியாகும். சிறிய பல்லுக்கு இறங்கத் தயங்கினால் கேபிள் எங்கோ சிக்குகிறது. பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியில் கேபிள் போகும் பிளாஸ்டிக் வழியைக் கவிழ்த்துப் பாருங்கள், செட்டிச்சாவடிப் பக்கம் வெள்ளைக்கல் சுரங்க ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு அங்கே மாவு பிசைந்து வைத்த மாதிரி அப்பியிருக்கும். ஒயரை மாற்ற முந்நூறு ரூபாய்க்குள் ஆகும், அதற்கு முன் துடைத்துப் பார்க்கக் காசே வேண்டாம்.

அழுத்தி மிதிக்கும்போது செயின் தாவினால் ஸ்கேலை எடுங்கள். செயினின் ஒரு பின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். புதுச் செயின் என்றால் 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடு சரியாக உட்காரும். 1/16 அங்குலம் தாண்டியிருந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. 1/8 வரை விட்டுவிட்டால் பின் சக்கரத்தின் பல் அடுக்கான கேசட் பல்லும் சேர்ந்து தேய்ந்திருக்கும், புதுச் செயின் போட்டாலும் பழைய பல்லில் தாவும், அப்புறம் இரண்டுக்கும் அழ வேண்டியதுதான். மலை ஏறுகிறவர்கள் மாதத்துக்கு ஒரு முறை அளந்துவிடுவது நல்லது.

செயினும் சரி, கேபிளும் சரி, ஆனாலும் நடுவில் ஏதோ இரண்டு கியர் மட்டும் கரகர என்றால் டிரெய்லியரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கும். பின்னால் நின்று பாருங்கள், டிரெய்லியரின் இரண்டு சக்கரமும் கேசட் பல்லுக்கு நேர்கோட்டில் தொங்க வேண்டும். சைக்கிள் வலப்பக்கம் ஒரு தடவை சாய்ந்து விழுந்தாலே போதும், பஸ் மேலே கட்டி எடுத்து வந்தாலும் போதும். இதில் ஸ்டீல்காரர்களுக்கு நல்ல செய்தி உண்டு. அலுமினியத்தில் ஹேங்கரைத் தூக்கிப் போட்டு வேறு வாங்க வேண்டும், நம்முடையதில் பெரும்பாலும் அது டிராப்அவுட்டின் பகுதியாகவே இருக்கும், வளைத்து நேராக்கலாம், ஸ்டீல் அதைத் தாங்கும். ஆனால் கண் மதிப்பில் ஸ்பேனரால் நெம்ப வேண்டாம், அளவுகோல் வைத்த ஹேங்கர் டூல் உள்ள கடைக்குப் போங்கள், பத்து நிமிட வேலை. பழைய ஆக்ஸிலை மரையில் திருகி நெம்பும் தந்திரம் ஒன்று சொல்வார்கள். நம்மூர்ச் சாதாரணச் சைக்கிள் ஆக்ஸிலின் மரை பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் அளவு வேறு, ஹேங்கரின் மரையைத் தின்றுவிடும்.

இறக்கத்தில் ஹேண்டில் உதறுகிறது

இது மட்டும் பயப்பட வேண்டிய விஷயம்தான், எனவே காரணத்துக்கு முன்னால் அந்த நொடியில் என்ன செய்வது என்று சொல்லிவிடுகிறேன். பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள். இறுக்கினால் உதறல் கூடும். ஒரு முழங்காலையோ இரண்டையுமோ மேல் குழாயில் ஒட்டி அழுத்துங்கள், பின்பக்கத்தைச் சீட்டிலிருந்து துளி தூக்குங்கள், பிரேக்கை மெதுவாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். ஏற்காட்டிலிருந்து சேலம் பக்கம் 20 கொண்டை ஊசி வளைவு, ஏறத்தாழ 1,200 மீட்டர் இறக்கம். நேர் ரோட்டில் இது வரும்போது இந்த முழங்கால் பழக்கம் இல்லையென்றால் அடுத்த வளைவுக்குள் கை பதறிவிடும். சமவெளியில் ஒரு தடவை பழகிப் பாருங்கள்.

நின்ற பிறகு பார்க்க வேண்டியது: முன் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளுங்கள், இன்னொரு கை ஹெட்செட்டின் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) மேல் இருக்கட்டும். ‘கடக்’ என்று ஆட்டம் தெரிந்தால் ஹெட்செட் லூஸ். ஸ்டெம்மின் பக்கவாட்டுப் போல்ட்களை முதலில் தளர்த்துங்கள், மேல் மூடியின் போல்ட்டை ஆட்டம் போகும் வரை மட்டும் இறுக்குங்கள், பிறகு பக்கவாட்டுப் போல்ட்களை இறுக்குங்கள். வரிசை மாறினால் பயனில்லை, மேல் மூடியை மட்டும் எவ்வளவு முறுக்கினாலும் ஆட்டம் போகாது. மரை வைத்த பழைய மாதிரி போர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) என்றால் இரண்டு பெரிய ஸ்பேனர் வேண்டும், அது கடை வேலை.

ஹெட்செட் சரியென்றால் முன் டயர். ரிம்முக்கு ஒட்டி ஓடும் கோடு எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் தெரிகிறதா? ஓர் இடத்தில் உள்ளே போயிருந்தால் காற்றை இறக்கி மறுபடி உட்கார வையுங்கள். பிறகு ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஹப் கோன் (சக்கர அச்சின் பேரிங்கை இறுக்குவது) லூசா என்று தெரியும். ஹேண்டில்பார் பையில் கேமராவும் பழமும் அடைத்துக்கொண்டு வந்தீர்களா? அதைப் பின்னால் மாற்றினாலே போகும் உதறலும் உண்டு. இன்னொன்று, மலையில் டிசம்பர் குளிரில் உடம்பு நடுங்கினால் அந்த நடுக்கமே பாரில் இறங்கி உதறலாக மாறும். ஒண்டிக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு இறங்கிப் பாருங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இத்தனையும் சரி, ஆனாலும் உதறுகிறது, அல்லது கையை விட்டால் ஒரே பக்கம் இழுக்கிறது என்றால் நூலை எடுங்கள். பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஒரு பக்க டிராப்அவுட்டில் நூலைக் கட்டி, முன்னால் கொண்டுபோய் ஹெட் டியூபைச் (போர்க் நுழையும் முன்பக்கக் குழாய்) சுற்றி, மறுபக்க டிராப்அவுட்டில் அதே இடத்தில் இழுத்துக் கட்டுங்கள். நடுவில் நிற்கும் சீட் டியூபுக்கும் நூலுக்கும் இடையே உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 1 மி.மீ. என்றால் விட்டுவிடலாம். 3, 4 என்று வந்தால் பின்பகுதி ஒரு பக்கம் போயிருக்கிறது. அப்படி முடிவு செய்யும் முன் பின் சக்கரத்தைத் திருப்பிப் போட்டும் பாருங்கள், செயின் வேண்டாம், சும்மா மாட்டினால் போதும். திருப்பியதும் ரிம் எதிர்ப் பக்கம் ஒதுங்கினால் குற்றம் சக்கரத்தில், அதே பக்கம் ஒதுங்கினால் பிரேமில்.

பிரேமில் என்றால் நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள். அதை நேராக்க முடியும், ஆனால் கட்டியவரின் மேஜையில்.

பிரேக்: கத்துகிறது, பிடிக்கவில்லை

ரிம் பிரேக் வைத்தவர்களுக்கு மட்டும். கத்தினால் ரிம்மைத் துடைத்து, பிரேக் கட்டையைக் கழற்றிப் பாருங்கள், மழையில் இறங்கி வந்திருந்தால் அலுமினியச் சில்லு அதில் குத்தி மின்னும், ஊசியால் நெம்பி எடுங்கள். முகத்தை உப்புக் காகிதத்தில் நாலு தேய்ப்பு. கட்டையின் முன்முனை முதலில் ரிம்மைத் தொடும்படி துளி சாய்த்துப் பூட்டினால் கத்தல் அடங்கும்.

லீவர் பார் வரை வந்தால் கேபிளை இறுக்கினால் போதும். ரிம்மின் பக்கத்தில் விரலை ஓட்டிக் குழிவு தட்டுப்பட்டால் ரிம் தேய்ந்துவிட்டது, அதற்கு வைத்தியம் கிடையாது, மாற்ற வேண்டும்.

இறங்கி வந்து தொட்டால் ரிம் சுடுகிறது என்பவர்கள் வழி முழுக்கப் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வருகிறார்கள். சூடு ஏறினால் உள்ளே டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்னால் பலமாகப் பிடித்து, வளைவில் விட்டுவிடுங்கள், முன்னும் பின்னும் மாற்றி மாற்றி. குப்பனூர் வழியாக இறங்குகிறவர்கள் கொட்டச்சேடு தாண்டியதும் ஒரு தடவை நின்று ரிம்மைத் தொட்டுப் பார்க்கலாம்.

சீட் போஸ்ட் நழுவுகிறது, அல்லது அசையவே மாட்டேன் என்கிறது

நழுவினால் துடைத்து, கிரீஸைக் குறைத்து மாட்டுங்கள். அப்படியும் இறங்கினால் போஸ்ட்டின் அளவைப் பாருங்கள். பிரேம் 27.2 மி.மீ. கேட்க, கடையில் 27.0 கொடுத்திருப்பார்கள், 0.2 மி.மீ. என்று சிரிக்காதீர்கள், அதை இறுக்கி இறுக்கியே சீட் லக்கின் (குழாய்கள் சேரும் இடத்து உறை) இரண்டு காதும் ஒன்றையொன்று தொடும் வரை வளைந்துபோன பிரேமைப் பார்த்திருக்கிறேன்.

அசையவே இல்லையென்றால் அலுமினியமும் ஸ்டீலும் உள்ளே ஒட்டிக்கொண்டன. வேர்வையும் மழையும் உள்ளே இறங்கினால் இப்படி ஆகும். துரு இளக்கும் எண்ணெயை இடுக்கில் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள், சைக்கிளைக் கவிழ்த்து அடியிலிருந்தும் விடுங்கள். மறுநாள் சீட்டைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். மூன்று நாள் இப்படிச் செய்தும் நகராவிட்டால் மெக்கானிக்கிடம் போங்கள். தீ வைத்துச் சூடாக்க வேண்டாம், பெயிண்ட் போகும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை உருவிக் கிரீஸ் தடவியிருந்தால் இந்தப் பத்தியே உங்களுக்குத் தேவைப்பட்டிருக்காது.

பெயிண்ட் உப்புகிறது, துரு தெரிகிறது

மேலே கீறலில் தெரியும் பழுப்பு ஒன்றும் செய்யாது. உப்புக் காகிதத்தால் தேய்த்து, பிரைமர் தொட்டு, நிறம் ஒத்த நெயில் பாலிஷ் வைத்தாலும் போதும். என் மேல் குழாயில் மனைவியின் நெயில் பாலிஷ் இரண்டு இடத்தில் இருக்கிறது, கேட்டுத்தான் எடுத்தேன்.

பெயிண்ட்டுக்கு அடியில் புழு ஊர்ந்த மாதிரி உப்பிக்கொண்டே போனால் விடாதீர்கள். பெரும்பாலும் ஸ்டெம்முக்குப் பின்னால், மேல் குழாயில், ஹெட்செட் கப் விளிம்பில், அதாவது வீட்டுக்குள் சைக்கிளை நிறுத்தி மிதிக்கும் டிரெய்னரில் ஓட்டும்போது வேர்வை சொட்டும் இடங்களில். மே மாதச் சேலத்தில் மின்விசிறிக்குக் கீழே ஓட்டினாலும் சொட்டத்தான் செய்யும், துண்டு போட்டு மூடுங்கள்.

உள்ளே துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்கச் சீட் போஸ்ட்டை உருவிவிட்டு சைக்கிளைக் கவிழ்த்துக் குலுக்குங்கள். செந்தூள் கொட்டினால் உண்டு, தண்ணீர் வந்தால் அதைவிட மோசம். பாட்டம் பிராக்கெட் ஷெல்லின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும், தண்ணீர் வடிய. அதில் மண் அடைத்திருந்தால் குண்டூசியால் எடுங்கள். வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை உள்ளே துருத் தடுப்பான் அடிப்பது நல்லது. அதற்கென்று ஸ்ப்ரே விற்கிறது. நான் பெயிண்ட் கடையில் கிடைக்கும் காய்ச்சிய லின்சீட் ஆயிலை ஊற்றி, பிரேமை நாலு பக்கமும் புரட்டி, மீதியை வடியவிட்டு, ஒரு வாரம் காய வைக்கிறேன். ஒன்று கவனம்: அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் எண்ணெய் அது. கொடியில் விரித்துக் காயப் போட்டு, பிறகு எறியுங்கள்.

விரலால் அழுத்தினால் குழாய் உள்ளே போகிறது, அல்லது பொத்தல் தெரிகிறது என்றால் அதற்கு மேல் ஓட்டக்கூடாது.

பெயிண்ட்டில் கோடு தெரிகிறது, அல்லது முன்னால் எதன் மீதோ மோதிவிட்டீர்கள்

நான் சொன்ன அந்த ஒரே ஒரு பிரேம் சத்தம் இங்கேதான் வருகிறது. நண்பரின் சைக்கிளில் செயின்ஸ்டே (பெடல் பக்கத்திலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் குழாய்), பாட்டம் பிராக்கெட்டுக்குப் பக்கத்தில். மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம், சத்தம் போகவில்லை, கடைசியில் மண்ணைக் கழுவியபோது தலைமுடி அளவுக்கு ஒரு கோடு, அதன் ஓரத்தில் துரு நீர் கசிந்த தடம்.

கோடு பெயிண்ட்டில் மட்டுமா, உலோகத்திலுமா என்று பார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட்டைச் சுரண்டி எடுங்கள். மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட்டு, ஈரம் இல்லாமல் துடையுங்கள், உடனே சாக்பீஸ் பொடியைப் பூசுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் திரும்பக் கசிந்து வெள்ளைப் பொடியில் கோடாக ஈரம் தெரியும். தெரியாவிட்டால் பெயிண்ட் கீறல்தான், பிரைமர் தொட்டுவிட்டு ஓட்டுங்கள்.

காரிலோ மாட்டிலோ நேராக மோதியிருந்தால் ஹெட் டியூபுக்குப் பின்னால், மேல் குழாய்க்கும் கீழ்க் குழாய்க்கும் அடிப்பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டுங்கள். அலை மாதிரி சின்ன மேடு தட்டுப்பட்டால் குழாய் மடங்கியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். போர்க்கின் கால்கள் பின்னால் போயிருக்கிறதா என்று பக்கவாட்டில் நின்றும் பாருங்கள்.

வெடிப்போ மேடோ உறுதியானால் அதோடு நிறுத்துங்கள், வீடு வரைக்கும்கூட ஓட்ட வேண்டாம். தெருமுனை வெல்டிங் பட்டறைக்கும் போக வேண்டாம். “கேட்டுக்கே பத்த வைக்கிறோம், இது என்னங்க தம்பி” என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்தக் குழாய்கள் முனையில் 0.8 மி.மீ., நடுவில் 0.5 மி.மீ. என்ற கணக்கில் இழுத்தவை, நடுப்பகுதி உங்கள் ஏடிஎம் அட்டையைவிட மெல்லிசு. ஆர்க் வெல்டிங் ராடு அதில் பட்டால் ஓட்டைதான். லக் வைத்த பிரேம்கள் வெல்டிங்கே இல்லை, பித்தளையோ வெள்ளியோ கலந்த பொடிக்கம்பியை உருக்கி இடுக்கில் ஓடவிட்டு ஒட்டுவது. அது எப்படி என்று புரிய வேண்டுமானால் செவ்வாய்பேட்டையில் கொலுசுக்குப் பத்தவைக்கிறவர் பக்கத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள், தத்துவம் அதுதான். அதற்காக அவரிடமே பிரேமைக் கொடுத்துவிடாதீர்கள். (சேலத்தில் இரும்பாலை இருக்கிறதே, குழாய் அங்கேயே கிடைக்காதா என்று கேட்பவர்களுக்கு: அங்கே வருவது ஸ்டெயின்லெஸ் தகடும் சுருளும். நம் குழாய் பெரும்பாலும் இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ், இல்லை இத்தாலியின் கொலம்பஸ்.)

கட்டியவருக்குப் போட்டோ அனுப்புங்கள். வெயிலில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து, தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்திலிருந்து மூன்று. பெரும்பாலும் அவர் போட்டோவைப் பார்த்தே குழாய் மாற்றலாமா, பிரேமை விட்டுவிடலாமா என்று சொல்லிவிடுவார். ஒரு குழாயை மட்டும் அறுத்து எடுத்து வேறு வைப்பது ஸ்டீலில் நடக்கிற காரியம். நண்பரின் செயின்ஸ்டே அப்படித்தான் மாறி வந்தது, புது பிரேம் விலையில் கால்வாசிக்கும் குறைவாக.

அனுப்பும்போது பிரேமை மட்டும் அனுப்புங்கள். பார்சலில் போகும்போது மேலே மூட்டை ஏறும், பின் டிராப்அவுட் இரண்டும் உள்நோக்கி நசுங்கும். பழைய ஹப் ஆக்ஸில் ஒன்றை நட்டோடு நடுவில் பூட்டி, 130 மி.மீ. இடைவெளி அப்படியே நிற்கும்படி செய்துவிட்டு, அட்டையைச் சுற்றுங்கள். நண்பர் இதைச் செய்யாமல் அனுப்பினார். வெடிப்போடு சேர்த்து வளைவுக்கும் பில் வந்தது.